ரோஜாப்பூவும் முந்நூறு கேள்விகளும்

எங்கள் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு நடந்தே போகலாம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தாண்டி, அரவிந்தோ மார்க்கில் தெற்கே திரும்பி, ரிங் ரோட்டைக் கடந்தால் வாசல். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் வழியாகவும் போகலாம். அதற்கு ஆறு வருடமும் முப்பது லட்சம் ரூபாயும் ஆகும். அந்த வழியில் போனவர்களை எய்ம்ஸ் வாசலில் இறக்கிவிட மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி, யூசுப் சராய்க்குப் பின்னால், கௌதம் நகரில், ஜன்னல் இல்லாத ஒரு பி.ஜி. அறையில் கொண்டுபோய் விடுவார்கள்.

எய்ம்ஸில் எம்.பி.பி.எஸ். கல்விக் கட்டணம் 1,350 ரூபாய். அச்சுப் பிழை இல்லை. ஆனால் இடங்கள் 132. அதிலும் ஏழு வெளிநாட்டவருக்கு. வெளிநாட்டுப் பிள்ளை இங்கே வந்து படிக்கட்டும், நம் பிள்ளை வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கட்டும். விருந்தோம்பலில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

இது மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. சட்டங்களை அமைச்சர்கள் செய்கிறார்கள் என்று வெளியூரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டைப் அடிப்பது நாங்கள். தமிழ்க் குடும்பங்களுக்கும் குறைவில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இங்கேயே இருக்கிறது. முருங்கைக்காயும் தேங்காயும் ஐ.என்.ஏ.யில் கிடைக்கும். பிள்ளையாருக்குச் சரோஜினி நகர். ஒரு வீட்டில் அப்பா அகவிலைப்படியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு ‘கட் ஆஃப்’ பற்றிப் பேச ஆரம்பித்தால், அந்த வீட்டுக்குள் நீட் நுழைந்துவிட்டது என்று பொருள்.

நீட்டின் கணக்கு கஷ்டமானதல்ல. அரசாங்கத்துக்கு மட்டும்தான் வராது. 2025இல் தேர்வு எழுதியவர்கள் 22 லட்சத்துக்கு மேல். ‘தகுதி பெற்றார்’ என்று அரசே முத்திரை குத்தி அனுப்பியது 12.36 லட்சம் பேரை. நாட்டில் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறக்குறைய 1.2 லட்சம். ஓர் இடத்துக்குப் பத்துத் தகுதிச் சான்றிதழ். அந்த இடங்களிலும் ஏறக்குறையப் பாதி தனியார் கையில். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு இருபத்தைந்து லட்சம் என்றால் இன்று யாரும் புருவம் உயர்த்துவதில்லை. ஒரு செக்‌ஷன் ஆபீசர் தன் பி.எஃப்., பணிக்கொடை, மனைவியின் நகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் பையனின் படிப்பு இரண்டாம் வருடத்தைத் தாண்டாது.

2025இல் பொதுப் பிரிவில் 720க்கு 144 எடுத்தால் தகுதி. 144 எடுத்தவனின் அப்பாவிடம் கோடி ரூபாய் இருந்தால் அவன் டாக்டர். அவனைவிட மூன்று மடங்கு எடுத்தவனின் அப்பா அரசாங்க குமாஸ்தா என்றால் அவன் ‘முயற்சி செய்தவன்’. இதற்குப் பெயர் மெரிட். அதைக் காப்பாற்றத்தான் நீட்.

மூன்று மடங்கு எடுத்தவனுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. அது ஓட்டல் பால்ரூமில் தொடங்குகிறது.

நீட் முடிவு வந்த வாரமே கன்சல்டன்சிகள் பந்தல் போட்டுவிடும். சென்னை, கோவை, மதுரை, தில்லி, எங்கும் ஒரே காட்சி. மேடையில் கோட் போட்ட ஒரு வெள்ளைக்காரர். டீன் என்பார்கள். அவர் பேசுவது யாருக்கும் புரியாது. கல்லூரியில் நடக்கப்போவதற்கு ஒத்திகை அது. பிறகு மைக்கைப் பிடிப்பவர் நம் ஊர்க்காரர். அவர் பேசுவது நன்றாகப் புரியும். “சார், டொனேஷன் கிடையாது. நீட்ல பாஸ் போதும். பையனை எங்ககிட்ட விட்டுடுங்க, டாக்டரா திருப்பித் தர்றோம்.”

நோட்டீசின் முதல் வரி: உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த கல்லூரி. உலக சுகாதார நிறுவனம் எந்த மருத்துவக் கல்லூரியையும் அங்கீகரிப்பதில்லை. இரண்டாம் வரி: தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற கல்லூரி. அப்படி எந்த வெளிநாட்டுக் கல்லூரியையும் பட்டியலிட்டு ஒப்புதல் தருவதில்லை என்று ஆணையமே சொல்கிறது. மூன்றாம் வரி: இந்தியன் மெஸ் உண்டு. இது உண்மை. மெஸ் நடத்துவதும் பல இடங்களில் கன்சல்டன்சியின் ஆள்தான்.

நம் நாட்டில் தெருவோரம் பஜ்ஜி போட வேண்டுமென்றாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். வெளிநாட்டுக்குக் கொத்தனாரை அனுப்ப 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையைப் படிக்க என்று சொல்லி அனுப்ப மத்திய அரசின் எந்தச் சட்டமும் குறுக்கே வராது. ஒரு ஃபிளெக்ஸ் பேனர் போதும்.

பணத்தை அனுப்பும்போது மட்டும் அரசாங்கம் விழித்துக்கொள்ளும். வெளிநாட்டுக்குக் கல்விக் கட்டணம் கட்டினால், ஒரு வரம்புக்கு மேல் உள்ள தொகைக்கு வங்கியிலேயே வரியைப் பிடித்துவிடும் முறை 2020 அக்டோபரில் வந்தது. பின்னால் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம். பிள்ளை எந்த ஊர் மருத்துவமனையில் என்ன கற்கிறான் என்று கேட்க ஆளில்லை. அவனுக்குப் போகும் பணம் எவ்வளவு என்று கேட்க ஒரு துறையே இருக்கிறது.

விசாவுக்குத் தெய்வங்கள் இருக்கின்றன. சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பழவந்தாங்கலில், லட்சுமி விசா கணபதி. ஹைதராபாத்துக்கு வெளியே சில்கூரில் விசா பாலாஜி. ஜலந்தர் பக்கம் தல்ஹன் குருத்வாராவில் பொம்மை விமானம் காணிக்கை. ஒரு தேசமே வெளியேற வேண்டிக்கொள்கிறது. அதே தேசத்தின் அரசாங்கம் விஸ்வகுரு ஆக வேண்டிக்கொள்கிறது. இரண்டு வேண்டுதலும் ஒரே சந்நிதியில் போய் மோதினால் பாவம், சாமி யார் பக்கம் நிற்கும்?

பையன் போய் இறங்குகிறான். பெட்டியில் பிரஷர் குக்கர், சாம்பார்ப் பொடி, ஊறுகாய், சௌராசியாவின் உடற்கூறியல் புத்தகம். ஆம், இந்தியர் எழுதிய, இந்தியாவில் அச்சான புத்தகம். அதைப் படிக்கத்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அறைக்கு நான்கு பேர். கண்ணாடிக்கு வெளியே மைனஸ் இருபது. விடுதியை ஆள்பவருக்குக் கமெந்தாந்த் என்று பெயர். பெயருக்கேற்ற ஆள். குக்கர் விசில் அடித்தால் அபராதம். வகுப்புக்குப் போகாவிட்டால் ஈடுகட்டும் வகுப்பு, அதற்கும் கல்லூரியைப் பொறுத்துப் பணம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று நம் ஆணையத்தின் விதி. நடக்கிறது என்று ஒரு சான்றிதழும் வரும். ஆனால் நோயாளிக்கு அந்த விதி தெரியாதே. அவர் கிர்கிஸ் மொழியிலோ ரஷ்ய மொழியிலோதான் வலியைச் சொல்வார். இவன் அவர் கையைப் பார்ப்பான். கை வயிற்றின் மேல் இருந்தால் வயிற்றுவலி. நோய் அறிதல் முடிந்தது.

இரவு அறைக்கு வந்து போனில் இந்திய ஆசிரியர்களின் காணொலிப் பாடம். அதற்குத் தனிச் சந்தா. வெளிநாட்டில் படுத்துக்கொண்டு இந்தியாவில் படிக்கிறான்.

தினமும் அம்மாவின் அழைப்பு. “சாப்பிட்டியாடா?” “சாப்பிட்டேம்மா.” “ரொம்பக் குளிருதாடா கண்ணா?” “இல்லம்மா.” “படிப்பு?” “நல்லாப் போகுதும்மா.” மூன்று பொய். வீட்டுப் பக்கமும் சும்மா இல்லை. ஊரில் இருந்த மனையை விற்றதை அப்பா இன்னும் அவனிடம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் சொல்லும் பொய்யில்தான் இந்தப் படிப்பு ஆறு வருடம் ஓடுகிறது. இதில் ஏஜெண்டின் பொய்யைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இது அன்றாட வாழ்க்கை. சாகசம் தனி.

2022 பிப்ரவரி 15. உக்ரைன் எல்லையில் ரஷ்யப் படைகள் குவிந்து வாரங்கள் ஆகியிருந்தன. கீவில் உள்ள நம் தூதரகம் அறிவிப்பு வெளியிட்டது. தங்கியிருப்பது அவசியமில்லை என்றால் அங்கே படிக்கும் நம் மாணவர்கள் தற்காலிகமாக வெளியேறுவதைப் பற்றி யோசிக்கலாமாம். யோசிக்கலாம்! கல்லூரியோ வராதவனுக்கு வருகைப்பதிவு இல்லை என்றது. விமான டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போனது. அவசியம் எது என்று பத்தொன்பது வயதுப் பிள்ளை தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 24ஆம் தேதி குண்டு விழுந்தது. தீர்மானம் எளிதாகிவிட்டது.

26ஆம் தேதி பிள்ளைகள் கார்கிவ் மெட்ரோ நிலையங்களில், விடுதி நிலவறைகளில். அன்று பிரதமர் ஓர் இணையவழிக் கருத்தரங்கில் பேசினார். நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கச் சிறிய நாடுகளுக்குப் போகிறார்களே, தனியார் துறை பெரிய அளவில் இதில் இறங்கக்கூடாதா என்று கேட்டார். வருடத்துக்கு இருபத்தைந்து லட்சம் வாங்கும் தனியார் துறைக்குப் பயந்துதானே ஐயா அவன் அந்தச் சிறிய நாட்டுக்குப் போனான்?

மார்ச் 1. கார்கிவில் சாப்பாடு வாங்க வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் 97 சதவீதம் எடுத்தவர். அப்படியும் ஊரில் இடம் கிடைக்கவில்லை, கோடிகள் கேட்டார்கள் என்று அவருடைய தந்தை சொன்னார். அதே நாட்களில் ஒரு மத்திய அமைச்சர், பிரகலாத் ஜோஷி, அவரும் கர்நாடகத்துக்காரர்தான், ஒரு புள்ளிவிவரம் தந்தார். வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களில் 90 சதவீதம் பேர் இந்தியாவில் தகுதித் தேர்வில் தோற்கிறார்களாம். துக்க வீட்டில் மார்க் ஷீட் கேட்ட முதல் அரசாங்கம் இதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 2. தூதரகத்தின் அடுத்த அறிவிப்பு. கார்கிவை விட்டு உடனே வெளியேறுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் நடந்து. மாலை 6 மணிக்குள் பிசோசினுக்கோ பபாயிக்கோ பெஸ்லியுதிவ்காவுக்கோ போய்ச் சேருங்கள். மிகப் பக்கத்து ஊரே 11 கிலோமீட்டர். பனியில், ஷெல் சத்தத்தில், தோளில் பையோடு நம் பிள்ளைகள் நடந்தார்கள். பதினைந்தே நாளில் ‘அவசியமில்லை என்றால்’ என்பது ‘உடனே’ ஆகிவிட்டது. அரசாங்கக் கோப்பு இவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

எல்லையை அவர்களே கடந்தார்கள். கடந்த பிறகு அரசாங்கம் வந்தது. நான்கு மத்திய அமைச்சர்கள் நான்கு திசையில். 90 விமானங்கள். 22,500 பேர். கொண்டுவந்தது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. விமானிகளும் தூதரகத்தின் கீழ்நிலை ஊழியர்களும் தூங்காமல் உழைத்ததும் உண்மை. ஆனால் ருமேனியாவில் நம் அமைச்சர் முகாமில் நின்று உரையாற்ற ஆரம்பித்தபோது அந்த ஊர் மேயர் பொறுமையிழந்துவிட்டார். இடமும் சாப்பாடும் கொடுத்தது நான், நீங்கள் இவர்களை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்பதைச் சொல்லுங்கள் என்றார். ஒரு சிற்றூர் மேயருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. பசியோடு இருப்பவனுக்குச் சொற்பொழிவு ஆற்றக்கூடாது.

தில்லி விமான நிலையத்தில் ரோஜாப்பூ. ஆளுக்கொன்று, காம்போடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவர் கேமரா முன்னால் கேட்டார், இதை வைத்து நான் என்ன செய்ய? நான்கு வருடமாகிறது. பதில் இன்னும் வரவில்லை. மாநிலங்களும் சளைக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வரவேற்பு மேசை போட்டது. தமிழ்நாடு மூன்று எம்.பி.க்களும் ஒரு எம்.எல்.ஏ.வும் கொண்ட குழு அமைத்தது. தாய்நாடு திரும்பிய பிள்ளைக்குத் தாய்நாடு எந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கிறது என்றுதான் புரியவில்லை.

ரோஜா வாடியது. செப்டம்பர் வந்தது. படிப்பு பாதியில் நின்றவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். எங்களை இங்குள்ள கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. இவர்கள் வெளிநாடு போனதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நீட்டில் மெரிட் குறைவு. இரண்டு, அங்கே செலவு குறைவு. இவர்களைச் சேர்த்தால் நாட்டின் மருத்துவக் கல்வித் தரம் பாதிக்கப்படும்.

தரம்! 2022 செப்டம்பரில் கவலைப்பட்ட அதே அரசாங்கம் 2023 செப்டம்பர் 20 அன்று முதுநிலை நீட் தேர்வின் தகுதி வரம்பை எல்லாப் பிரிவுகளுக்கும் பூஜ்ஜியப் பெர்சென்டைலாகக் குறைத்தது. தேர்வு எழுதியிருந்தால் போதும். மைனஸ் மதிப்பெண் வாங்கியவரும் இருதய நிபுணராகும் வழியில் முதல் படியில் கால் வைக்கலாம். காரணம், முதுநிலை இடங்கள் காலியாக இருந்தன. பெரும் கட்டணம் கேட்கும் இடங்கள் காலியாக இருந்தால் தரம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். பதுங்குகுழியிலிருந்து வந்தவன் கேட்டால் மட்டும் தரம் வாசலில் கம்போடு நிற்கும்.

சரி, உக்ரைன் ஒரு விபத்து என்பார்கள். 2020இல் கோவிட். சீனாவில் படித்த இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் அறுவைசிகிச்சை கற்றார்கள். ஆன்லைன் படிப்பு செல்லாது என்று பின்னால் ஆணையம் சொன்னது. 2024 மே மாதம் பிஷ்கெக்கில் கும்பல் ஒன்று வெளிநாட்டு மாணவர் விடுதிகளைத் தாக்கியது. வெளியே வராதீர்கள் என்றது தூதரகம். கும்பல் உள்ளேதான் வந்துகொண்டிருந்தது. அதே வருடம் ஆகஸ்டில் குர்ஸ்க். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நம் மாணவர்கள் படிக்கும் ஊர். இந்த முறை உக்ரைன் படை ரஷ்யாவுக்குள் நுழைந்தது. 2025 ஜூனில் ஈரான். ஆர்மீனியா வழியாக மீட்பு. தில்லியில் இறங்கிய காஷ்மீர் மாணவர்களை ஊருக்கு அனுப்ப நிறுத்தியிருந்த பேருந்துகளைப் பார்த்து, இதிலா போவது என்று பிள்ளைகளே கேட்டார்கள். ஏவுகணைக்குத் தப்பியவர்களுக்கு அரசுப் பேருந்து அடுத்த சோதனை. ஒவ்வொரு மீட்புக்கும் அழகான பெயர் உண்டு. கங்கா, சிந்து. நதிகள் தீர்வதற்குள் வேறு ஏதாவது யோசிக்க வேண்டும்.

எல்லாம் தாண்டிப் பட்டத்தோடு வருபவன்தான் கௌதம் நகருக்கு வருகிறான். இங்கே ஒரு தெருவுக்கு நான்கு கோச்சிங். சுவரெல்லாம் தேர்வில் தேறியவர்களின் முகங்கள். தேறாதவர்கள் சுவருக்கு உள்ளே படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அறையைத் தட்டியால் மூன்றாகத் தடுத்து ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை. எதிரிலேயே எய்ம்ஸின் உயர்ந்த கட்டடங்கள். வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தேர்வு, எஃப்.எம்.ஜி.இ., 2002இலிருந்து நடக்கிறது. நடத்துவது மருத்துவ அறிவியல் தேசியத் தேர்வு வாரியம். அந்த அலுவலகமும் இந்தப் பக்கம்தான், ரிங் ரோட்டில், அன்சாரி நகரில். பூஜ்ஜியப் பெர்சென்டைல் புகழ் முதுநிலை நீட்டை நடத்துவதும் இதே வாரியம். எஃப்.எம்.ஜி.இ.யில் 300 கேள்விகள். 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. 149 என்றால் ஆறு வருடமும் முப்பது லட்சமும் பதுங்குகுழியும் காற்றில். மறுபடி ஆறு மாதம். மறுபடி வாடகை. 2025 ஜூன் தேர்வில் தேர்ச்சி 18.61 சதவீதம்.

தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரிகளில் பல, நோயாளியைத் தொட விடாமலே பட்டம் கொடுக்கின்றன. அதுவும் உண்மை. தேர்வு வைக்கட்டும். கடினமாகவே வைக்கட்டும். என் கேள்வி ஒன்றே ஒன்று. கோடி ரூபாய் கட்டி உள்ளூரில் படித்தவருக்கு இந்த 300 கேள்விகள் எங்கே?

அதற்கும் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். எல்லோருக்கும் ஒரே இறுதித் தேர்வு, நெக்ஸ்ட், மூன்று வருடத்துக்குள் வரும் என்றது. 2023இல் ஒத்திவைத்தார்கள். இன்றுவரை ஒத்திவைத்தபடியே இருக்கிறது. பெயர் பொருத்தம் பிரமாதம்.

உள்ளூர்த் தரத்தின் லட்சணமும் தெரிந்ததுதான். 2010 ஏப்ரலில் அன்றைய மருத்துவக் கவுன்சிலின் தலைவரையே சிபிஐ லஞ்ச வழக்கில் கைது செய்தது. கவுன்சிலைக் கலைத்தார்கள். 2020இல் ஆணையம் வந்தது. துவாரகாவில் அதே கட்டடம், புதுப் பலகை. 2022 டிசம்பரில் சிபிஐ 91 இடங்களில் சோதனை போட்டது. எஃப்.எம்.ஜி.இ.யில் தேறாத 73 பேரை மாநிலக் கவுன்சில்கள் டாக்டர்களாகப் பதிவு செய்திருந்தன என்று வழக்கு. 14 கவுன்சில்களின் பெயர் அதில் இருந்தது. 2025இல் இன்னொரு வழக்கு. ஆய்வு எந்த நாளில், வருபவர் யார் என்ற ரகசியம் அமைச்சகத்திலிருந்தே கல்லூரிகளுக்கு விற்கப்பட்டது, ஆய்வு நாளில் வாடகைப் பேராசிரியர்களும் வாடகை நோயாளிகளும் நிறுத்தப்பட்டார்கள், வருகைப்பதிவுக் கருவியில் செயற்கை விரல்கள் வைக்கப்பட்டன என்கிறது சிபிஐ. ரப்பர் விரல் நடத்திய வகுப்பில் படித்தவருக்குத் தகுதித் தேர்வு தேவையில்லை. அவர் தரமானவர். இந்தியத் தயாரிப்பு.

முந்நூறு கேள்வியையும் வென்றவனுக்குக் கதை முடியவில்லை. பயிற்சி மருத்துவராக ஓர் இடம் வேண்டும். தமிழ்நாட்டில் 2022 வரை அரசு மருத்துவமனையில் ராத்திரி டியூட்டி பார்க்க அவனே லட்சக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. உலகத்தில் வேலை பார்த்துவிட்டுச் சம்பளம் கொடுத்தவர்கள் இவர்கள்தான். பிறகு அரசு மனமிரங்கி அதை ஆயிரக்கணக்காகக் குறைத்தது. நன்றி அறிவிப்புப் போஸ்டர்கள் ஒட்டப்பட்டன.

இடங்களைக் கூட்டுகிறோமே என்று அமைச்சகத்தில் சொல்வார்கள். ஐந்தாண்டில் 75,000 புதிய இடங்கள் என்பது பட்ஜெட் வாக்குறுதி. மதுரை எய்ம்ஸைப் பார்த்தவர்களுக்கு வாக்குறுதியின் நீளம் தெரியும். 2019 ஜனவரி 27 அன்று தோப்பூரில் அடிக்கல். அதில் ஒரு செங்கல் 2021 தேர்தல் மேடையில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அடிக்கல் நாட்டி மூன்று வருடம் கழித்து முதல் ஐம்பது மாணவர்கள் சேர்ந்தார்கள், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். கடிதத்தலைப்பு மதுரை, வகுப்பு ராமநாதபுரம். இவர்களும் ஒரு வகையில் வெளியூர்ப் படிப்புக்காரர்கள்தான். விசா மட்டும் கேட்கவில்லை.

வெளிநாட்டுப் படிப்பின் மேல் அரசாங்கத்துக்கு விரோதம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் காலனிக்கு வடக்கே, பெரிய பங்களாக்கள் இருக்கும் சாலைகளில் விசாரித்துப் பாருங்கள். சுதேசியைப் பற்றி மேடையில் முழங்குபவர்களின் பிள்ளைகள் எந்தக் கண்டத்தில் படிக்கிறார்கள் என்று. அந்தப் பிள்ளைகளுக்கு ஏஜெண்ட் தேவையில்லை. குக்கர் தேவையில்லை. திரும்பி வந்தால் கௌதம் நகர் தேவையில்லை. ஏழைப் பிள்ளைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை. 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தற்காலிக ஆணை முதலில் 40 பேருக்கு. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். பரோடா சமஸ்தானம் 1913இல் அம்பேத்கரைக் கொலம்பியாவுக்கு அனுப்பியது. ஒரு மகாராஜாவால் முடிந்தது, ஐந்து டிரில்லியன் டாலர் கனவு காணும் குடியரசுக்கு 66 பேர் விஷயத்தில் மூச்சு வாங்குகிறது.

ஆகவே லக்ஷ்மிபாய் நகர்வாசிகள் சார்பில் ஒரு மனு. டைப் அடிப்பது எப்படியும் நாங்கள்தான். அடுத்த எஃப்.எம்.ஜி.இ. நடக்கும் நாளில் கூடுதலாகச் சில நாற்காலிகள் போட வேண்டும். தரம் பற்றிப் பிரமாணப் பத்திரம் எழுதியவர்கள், பூஜ்ஜியத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், ஆய்வுக்குப் போய் ரப்பர் விரலோடு கைகுலுக்கிவிட்டு வந்தவர்கள், 90 சதவீதம் பேர் தோற்கிறார்கள் என்று துக்க நாளில் கணக்குச் சொன்னவர், எல்லோரும் வந்து உட்காரட்டும். வாசலில் அரைக்கை சட்டையா என்று பார்த்து, தோட்டைக் கழற்றி, ஷூவை அவிழ்த்து உள்ளே விடுவார்கள். அமைச்சருக்குத் தனி வரிசை கிடையாது. மருத்துவம் தெரியாதவர்களுக்குப் பொது அறிவிலிருந்து 300 கேள்விகள். முதல் கேள்வி இப்படி இருக்கலாம்: 12.36 லட்சத்திலிருந்து 1.2 லட்சத்தைக் கழித்தால் மிச்சம் எத்தனை பிள்ளைகள், அவர்கள் எங்கே போவார்கள்?

தேர்ச்சிக்கு 150. கட்டணம் 6,195 ரூபாய், ஜி.எஸ்.டி. உட்பட. தோற்றால் திருப்பித் தரப்படாது.